குவாய்ப் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வந்த தாய்லாந்து சுற்றுலாக் கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தபடியே வாசித்தேன். ஹற்றனில் உடுப்புக் கடை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது தம்பியைக் கூட்டிக்கொண்டு சரக்கு எடுக்க பாங்கொக் போகிறவள். அதனால் நீங்கள் எழுதிய பிரதுநாம் சந்தையும் அங்கே பேரம் பேசும் விதமும் எனக்குப் பழக்கம்தான். காஞ்சனபுரி மாகாணத்துக்கு மட்டும் நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். சினிமாவில் வந்த குவாய் நதிப் பாலத்தில் நின்று போட்டோ எடுக்கலாம், யானையைக் குளிப்பாட்டலாம், அன்றைக்கே பாங்கொக் திரும்பிவிடலாம். அவ்வளவுதான்.

கட்டுரை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் தடவை போனபோது நானும் அதைத்தான் செய்தேன். ஹோட்டலில் சொல்லிவிட்ட வேனில் ஏறினோம். பாலத்தில் நாற்பது நிமிடம் விட்டார்கள். வழிகாட்டிப் பையன் ‘இங்கே இங்கிலீஷ் சிப்பாய்கள் நிறையப் பேர் செத்தார்கள்’ என்றான். ‘தமிழர்கள்?’ என்று தம்பி கேட்டான். பையன் தோளைக் குலுக்கிவிட்டு யானை இருக்கும் இடத்துக்கு நேரமாகிறது என்றான். நாங்களும் போய் யானையைக் குளிப்பாட்டினோம். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது, பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஏன் வெட்கம் என்று சொல்ல என் அப்பாயியிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாயி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். துறையூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா கண்டிச் சீமைக்கு வந்தார், தாத்தாவின் அண்ணன் பினாங்குச் சீமைக்கு, அதாவது மலாயாவுக்குப் போனார். ஒரே வீடு, ஒரே பஞ்சம், இரண்டு கங்காணிகள். தாத்தா தேயிலைக்கு, அண்ணன் ரப்பருக்கு. யாரோ எழுதிக் கொடுக்க வருடத்துக்கு ஒரு கடிதம் அங்கிருந்து வந்துகொண்டிருந்ததாம். ஜப்பான்காரன் சண்டை தொடங்கியதும் கடிதம் நின்றுபோனது. சண்டை முடிந்து சில வருடம் கழித்து, அதே ஊர்க்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார், ‘அவரைச் சயாம் ரயிலுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க, திரும்பல’ என்று. அவ்வளவுதான் செய்தி. லயத்துக் காம்பிராவில் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை என்று அப்பாயி சொல்லுவார். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். நான் சின்னப் பிள்ளையாகக் கேட்டபோது அது ஏதோ தோட்டத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாம் தடவை வேனில் போகவில்லை. பாங்கொக்கில் ஆற்றுக்கு மேற்குப் பக்கம் தோன்புரி ஸ்டேஷன் இருக்கிறது. காலையில் அங்கிருந்து கோச்சி (ரயில்) புறப்படும். வெளிநாட்டுக்காரருக்கு எங்கே இறங்கினாலும் 100 பாத் டிக்கட். மூன்றாம் வகுப்புதான், மர ஆசனம், ஜன்னலெல்லாம் திறந்தே கிடக்கும். கூடையில் சோறும் பழமும் கொண்டுவந்து விற்கிற பெண்கள் பெட்டிக்குப் பெட்டி நடக்கிறார்கள். கண்ணை மூடினால் நம்முடைய பதுளைக் கோச்சிதான், வடை வாசம் மட்டும் இல்லை. நொங் பிளாடுக் என்ற சந்தியில் பாதை பிரிகிறது. சயாம் ரயில் அங்கேதான் தொடங்கியது. சாதாரண ஸ்டேஷன், மரம், நாய், பச்சைக்கொடியோடு ஒரு மனிதர்.

மலைநாட்டு ஆட்களுக்கு ரயில் பாதை என்றால் என்ன வேலை என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பாதை கண்டிக்கு 1867இல் வந்தது, நானுஓயாவுக்கு 1885இல், பதுளைக்கு 1924இல்தான் போய்ச் சேர்ந்தது. கண்டியிலிருந்து பதுளைக்குப் போக ஐம்பத்தேழு வருடம். கொழும்பிலிருந்து எண்ணினாலும் மொத்தம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர்தான். ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு, காட்டுக்குள்ளும் மலைக்குள்ளும், 415 கிலோமீற்றர் போட்டான். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு பக்கமும் சேர்த்துவிட்டான். ஒன்றே கால் வருடம். எப்படி முடிந்தது என்று கேட்டால், மனிதரைப் போட்டு முடித்தான்.

பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 60,000க்கும் மேல் அங்கே வேலை செய்தார்கள், 12,000க்கும் மேல் இறந்தார்கள். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுபோன கூலிகளோ ஏறத்தாழ இரண்டு லட்சம். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். தொடக்கத்தில் நல்ல சம்பளம், சாப்பாடு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். அப்புறம் ஆசை காட்டுவதை விட்டுவிட்டுப் பிடித்தே ஏற்றினார்கள். சாமான் ஏற்றுகிற இரும்புப் பெட்டிகளில் நின்றபடியே பயணம். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. சிப்பாய்களோடு அவர்களுடைய டாக்டர்மாரும் அதிகாரிகளும் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வை, கக்கூசைத் தள்ளி வெட்டு என்று சொல்லவாவது ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை.

காஞ்சனபுரி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். புல் வெட்டி, பூச்செடி வைத்து, நம் ஊரில் துரை பங்களாத் தோட்டம் இருக்குமே, அதுபோல. கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஒல்லாந்து ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பலகை. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. இருபத்தொன்று, இருபத்துமூன்று, இருபத்தாறு. நான் யார் பிள்ளைகள் என்று பார்க்கவில்லை, வயதைத்தான் பார்த்தேன். தம்பி மகனுக்கு இருபத்துமூன்று. ஒரு வரிசை முடிவதற்குள் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பட்டினி கிடந்து செத்தவன் எந்த நிறமானால் என்ன.

ஆனாலும் வரிசை வரிசையாக நடந்தபோது ஒன்று உறைத்தது. பட்டாளத்தில் பெயர்ப்பட்டியல் இருந்தது, அதனால் கல்லில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களோ செக்ரோலிலே, தோட்டத்துப் பெயர்ப்பதிவேட்டிலே, பிறந்து அதிலேயே வளர்ந்தவர்கள். காலையில் ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில் பெயர் போடாமல் ஒரு நாள் வேலை நடந்ததில்லை. அரை நாள் பெயர் விழுந்தால்கூடக் கணக்கப்பிள்ளையோடு சண்டைக்குப் போகிற கூட்டம். அப்படிப்பட்டவர்கள் செத்தபோது மட்டும் பெயர் எழுத ஆள் இல்லை. 1990இல் அந்த ஊர்ப்பக்கம் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. கூலியாட்கள் என்று கண்டுகொண்டார்கள். யார் யார் என்று எப்படிக் கண்டுகொள்வது?

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே அந்த ரயில் பாதைக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பல வருடம் காட்டுக்குள் அலைந்து பழைய பாதையைத் தேடிய ஆஸ்திரேலியர் ஒருவர் 2003இல் தொடங்கியது. நேரம் இருந்தால் இதை விடாதீர்கள். கூலிகளைப் பற்றியும் அங்கே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். மேல் மாடியில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகக் கல்லறைத் தோட்டம் முழுக்கத் தெரியும். தேநீர் சுமார்தான். நம் வாய்க்கு எந்த ஊர்த் தேநீரும் சுமார்தான்.

இன்னொரு அருங்காட்சியகம் ஆற்றங்கரையில், வாட் சாய் சும்போன் என்ற விகாரைக்குள். மூங்கில் குடிசை மாதிரி கட்டி, உள்ளே படங்களும் ஓவியங்களும் மாட்டியிருக்கிறார்கள். 1977இல் திறந்தது, பெயர் ‘ஜீத்’. என்ன பெயர் இது என்று தம்பி வாசலில் நின்று வாசித்தான். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா அல்லது ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹொலண்ட், இந்த நாடுகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயராம். தம்பி விரல்விட்டு எண்ணினான். ‘அக்கா, செத்ததில் பாதிக்கு மேல் ஆட்களுக்கு இதில் எழுத்தே இல்லை’ என்றான். மலாயாவுக்கு இல்லை, பர்மாவுக்கு இல்லை, ஜாவாவுக்கு இல்லை. அந்த விகாரைப் பிக்குமார் நல்ல மனதோடு வைத்த இடம், அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. எழுத்து இல்லை என்பதைச் சொல்கிறேன்.

பாலத்துக்கு வருகிறேன். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜப்பான்காரன் ஜாவாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மாட்டியவை. நடுவில் மட்டும் இரண்டு சட்டங்கள் வளைவில்லாமல் நேராக இருக்கும். குண்டு போட்டு உடைந்த இடத்தில் சண்டைக்குப் பிறகு மாற்றியது. இதை யாரும் சொல்லாமல் நான் கவனித்தேன் என்று பெருமையடிக்க ஆசைதான், ஆனால் தம்பிதான் காட்டினான். இன்னொன்று, அங்கே போய் ‘குவாய்’ என்று அழுத்திச் சொல்லாதீர்கள். அவர்கள் பேச்சில் குவாய் என்றால் எருமை. ஆற்றின் பெயர் ‘க்வே’. அதிலும் பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றுக்கு முதலில் அந்தப் பெயரே இல்லையாம், மே க்ளோங் என்றுதான் சொல்லிவந்தார்களாம். 1957இல் அந்த இங்கிலீஷ் படம் வந்த பிறகு உலகமெல்லாம் குவாய் ஆற்றுப் பாலம் எங்கே எங்கே என்று தேடிக்கொண்டு வர, 1960களில் ஆற்றுக்கே பெயரை மாற்றிவிட்டார்கள். டவுனுக்குக் கீழே பெரிய க்வேயும் சின்ன க்வேயும் கலக்கிற இடம், கொத்மலை ஓயா மகாவலியில் போய் விழுவது மாதிரி அழகாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இப்போது மே க்ளோங்.

அந்தப் படம் எடுத்தது எங்கே என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். கித்துல்கலையில், களனி கங்கையில். ஹற்றனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறோம். படத்தில் பாலம் வெடித்துச் சிதறியது அங்கே. அதன் அடித்தளக் கொங்கிரீட் இன்னும் ஆற்றங்கரையில் கிடக்கிறது, வெள்ளைக்காரர்கள் வள்ளம் விட வந்தால் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் எத்தனையோ தடவை சரக்கு மூட்டையோடு அந்த வளைவில் தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறேன். அப்பாயியின் கதைக்கும் அந்த ஆற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? காஞ்சனபுரியில் நின்றபோதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது.

பாலத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் ஜப்பான்காரனே 1944இல் கட்டிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. வேன்காரர்கள் அங்கே நிறுத்துவதில்லை. செத்தவர்களுக்காகக் கட்டியதாம், கொன்றவனே கட்டியது. சுற்றுச்சுவரில் பல மொழிகளில் பலகைகள் பதித்திருக்கிறார்கள், அதில் ஒன்று தமிழ். வெயில் கொளுத்துகிறது, சுற்றிலும் யாரும் இல்லை, சுவரில் தமிழ் எழுத்து. வாசித்த முதல் நிமிடம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வெளிநாட்டில் தமிழைப் பார்த்தால் வருகிற அதே அசட்டுச் சந்தோஷம். அப்புறம்தான் நினைத்தேன், 1944இல் ஜப்பான் பட்டாளம் தமிழில் எழுதிவைக்கிற அளவுக்கு இங்கே எத்தனை தமிழர் செத்திருப்பார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் வாட் தாவோன் வராராம் என்று ஒரு பழைய விகாரை. கூலிகளின் எலும்புகளை அடக்கம் செய்த இடம் என்கிறார்கள். 2023இல் அங்கே தமிழர்கள் சேர்ந்து ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். அந்த வருடம்தான் நாமும் இங்கே, நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். வழியில் செத்து விழுந்தவர்களுக்காக நடந்தோமே, அதே வருடம். நடுகல் முன்னால் ஊதுபத்தி கொளுத்தினேன். ஹற்றன் கடையிலிருந்து கொண்டுபோன தேயிலைப் பக்கற்றைப் பிரித்து ஒரு பிடி வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த பிக்கு ஒருவர் என்னவென்று கேட்கவில்லை, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

இன்னும் சில இடங்கள், அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். கோச்சியிலேயே மேலே போனால் க்ராசே குகைக்குப் பக்கத்தில் மலையோரமாக மரத்தூண்களில் பாதை ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும், கோச்சி ஊர்ந்துதான் போகும். தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்தில் தலையை நீட்டுகிற பிள்ளைகள் அங்கே நீட்டவேண்டாம், பாறை உரசிக்கொண்டு வருகிறது. நாம் டொக் ஸ்டேஷனோடு பாதை முடிந்துவிடும், அதற்கு மேலே இருந்ததைச் சண்டைக்குப் பிறகு பிடுங்கிவிட்டார்கள். அங்கிருந்து ரோட்டால் போனால் ‘நரகக் கணவாய்’ என்று பெயர் வைத்த பாறை வெட்டு. இரவில் தீவட்டி வெளிச்சத்தில் வேலை செய்த எலும்பும் தோலுமான ஆட்களைப் பார்த்து வந்த பெயர். ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் ஆட்களுக்காக அங்கே மண்டபம் கட்டி வைத்திருக்கிறது, அவர்களுடைய போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில் கூடிக் கும்பிடுகிறார்கள். பாறைச் சுவரில் உளி போட்ட தழும்புகளைத் தொட்டுப் பார்க்கலாம். மூவாங் சிங் என்ற இடத்தில் க்மேர் ராசாக்கள் காலத்துப் பழைய கற்கோயில் இருக்கிறது. நாங்கள் போனபோது மழை, சரியாகப் பார்க்கவில்லை. பர்மா எல்லையில் மூன்று சிறு கோபுரங்கள் நிற்கிற கணவாய்க்கும் போகவில்லை, சரக்கு எடுக்க நாள் போதவில்லை. அந்த வழியாகத்தான் ரயில் பர்மாவுக்குள் போனது.

மரக்கறி சாப்பிடுகிறவர்கள் ‘மங்சவிரத்’ என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். மாமிசத்தை விலக்குதல் என்ற வடமொழிச் சொல்தான், அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. காஞ்சனபுரியும் அப்படித்தானே, பொன்னூர். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது.

இனி, இந்தக் கடிதத்தை எழுதியதற்கான காரணம். பாங்கொக் போகிற நம் மலையக யாவாரிகள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். நிறையப் பேரின் வீட்டில் பினாங்குக்குப் போன ஒரு தாத்தா, ஒரு சித்தப்பா கதை இருக்கத்தான் வேண்டும், ஒரே ஊரிலிருந்து இரண்டு கப்பல் ஏறியவர்கள்தானே நாம். அந்தக் கதையைக் கேட்டு வைத்திருக்கிறவர்கள் இன்னும் எத்தனை வருடம் இருப்பார்கள்? உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள். பெரிய கட்டுரை வேண்டாம். சண்டைக் காலத்தில் மலாயாவிலிருந்து கடிதம் நின்றுபோன உறவுக்காரரின் பெயர், ஊர், எந்தத் தோட்டம், இப்போது யார் கேட்கிறார்கள், இவ்வளவு போதும். கித்துல்கலையில் ஒரு தமிழ்ப் பலகை வைக்கலாமே என்று என் கடைக்கு வருகிற பிரதேச சபைக்காரர் ஒருவரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு மகளுக்கு ஃபிராக் எடுத்துக்கொண்டு போனார். அது பிறகு பார்க்கலாம். முதலில் பெயர்கள்.

என்னுடையதையே முதலாவதாக அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் பிரச்சினை. புருசனின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அப்பாயிக்கு ஒரு கட்டுப்பாடு. கடைசி வரைக்கும் ‘பினாங்கு மூத்தார்’ என்றுதான் சொன்னார், ஒரு தடவைகூடப் பெயரைச் சொல்லவில்லை. தாத்தா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் பெரியப்பா என்பதற்கு மேல் தெரியவில்லை. மரியாதையிலேயே அந்தப் பெயர் தொலைந்துபோனது. ஆகவே பெட்டியில் இப்படிப் போடுங்கள்:

பினாங்கு மூத்தார். சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். மலாயாவில் ரப்பர்த் தோட்டம், பெயர் தெரியாது. தம்பி தலவாக்கலையில் இருந்தார். கேட்பது, தம்பியின் பேத்தி.

இப்படிக்கு,
உடுப்புக் கடைக்காரி,
ஹற்றன்.